தாராக் கூட்டத்தில் வேற்று வாத்து: ஐப்பசி முதல் மார்கழி வரை

சப்ரகமுவ தோட்டத்தில் இருந்துகொண்டு காட்டு வாத்து பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய காட்டு வாத்து இனம் எதுவும் இலங்கைக்கு ஆண்டு தவறாமல் வருவதில்லை. வழி தவறியோ கூட்டத்தைப் பிரிந்தோ ஒன்றிரண்டு வந்து இறங்கினால்தான் உண்டு. ஆனால் கடலைத் தாண்டி அந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு, மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்துகள் ஒவ்வொரு குளிர்காலமும் வருகின்றன. இமயத்தைக் கடக்கையில் 7,000 மீற்றருக்கு மேல் பறந்ததாகப் பதிவாகியிருக்கும் பறவை அது. அதற்குப் பாக்கு நீரிணை ஒரு தடையே இல்லை. எம்பிலிப்பிட்டியில் ஒரு நாள் காலை அப்படி ஒன்று நின்றால், அதை அடையாளம் சொல்லக்கூடிய ஆள் அன்றைக்குக் கரையில் இருக்க வேண்டும். அந்த ஆளாக உங்களை ஆக்குவதற்குத்தான் இந்த அத்தியாயம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் சிலர் எல்லாவற்றையும் வாத்து என்போம், சிலர் தாரா என்போம். இந்த அத்தியாயத்தில் கழுத்துக் குட்டையான சிறியதைத் தாரா என்றும், கழுத்து நீண்ட பெரியதை வாத்து என்றும் எழுதுகிறேன். எம்பிலிப்பிட்டிப் பக்கம் மீன்பிடிக்காரரிடம் விசாரித்தால் தாராவுக்கு 'சேருவா', வாத்துக்கு 'பாத்தயா' என்ற சிங்களச் சொற்கள் உதவும். "பாத்தயா பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், வீட்டில் வளர்ப்பதா, தண்ணீரில் தானாக வந்ததா என்று உடனே கேட்டுவிடுங்கள்.

எந்தத் தண்ணீருக்குப் போவது

தாராக்கள் விரும்புவது ஆழமில்லாத, பரந்த, சேறும் நீர்ச்செடியும் உள்ள தண்ணீரை. இதை வைத்துப் பார்த்தால் நம் மாகாணத்தில் இடங்கள் தாமாகவே பிரிந்துவிடும்.

இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்குக் கோடிதான் முதல் இடம். பெல்மதுளையிலிருந்து கஹவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டிக்கு இறங்கும் பாதையில், மலையின் ஈரம் குறைந்து வறண்ட வலயம் தொடங்குகிறது. அங்கே சந்திரிகா வாவியும் உடவளவை நீர்த்தேக்கமும் இருக்கின்றன. உடவளவைத் தேசியப் பூங்கா 1972இல் பிரகடனப்படுத்தப்பட்டது. சப்ரகமுவ, ஊவா இரண்டு மாகாணங்களிலும் கிடக்கிறது. பூங்காவுக்குள் ஜீப்பில் போகக் காசில்லாதவர்கள் அணைக்கட்டு மேலுள்ள பொதுப்பாதையிலிருந்தே நீர்த்தேக்கத்தைப் பார்க்கலாம். அணை தெற்கே இருப்பதால் நீங்கள் வடக்கு நோக்கி நிற்பீர்கள். கார்த்திகை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். பறவை பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவ பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 110 மீற்றர் உயர அணைக்குப் பின்னால் நிற்கும் ஆழத் தண்ணீர் அது, கரையும் சரிவு. தாராவை நம்பி அங்கே ஒரு விடுமுறை நாளைச் செலவழிக்காதீர்கள்.

கேகாலை மாவட்டத்தில் பெரிய குளம் இல்லை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் மலைகளில் இருப்பவர்களுக்குப் பள்ளத்து வயல்களும், களனி ஆற்றின் திருப்பங்களும், தோட்டத்துக் குளங்களும்தான் உண்டு. இவை பழகுவதற்கான பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேகாலை நகரத்துப் பக்கம் இருப்பவர்கள் குருணாகல் வாவிக்குப் போய்வருவது சுலபம்.

எப்போது போவது: ஒக்டோபர் நடுவிலிருந்து வரத்து தொடங்கும், டிசெம்பர், ஜனவரியில் கூட்டம் பெருகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காலை பெரும்பாலும் வெளித்திருக்கும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஆகவே காலை 6 மணிக்குக் கரையில் நில்லுங்கள், 9 மணிக்குள் வேலையை முடியுங்கள். எம்பிலிப்பிட்டிக்குத் தோட்டத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து சேர 10 மணியாகும் என்றால், முதல் நாளே உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. 10 மணிக்குப் பிறகு தண்ணீரிலிருந்து ஆவி அலையாடும். தூரத்துத் தாரா ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை

1. தொலைநோக்கி. 8×42 என்று எழுதியிருப்பது போதும். அதிகம் பெரிதாக்கும் மலிவுக் கண்ணாடி கையில் நடுங்கும், வெளிச்சமும் குறைவாக இருக்கும்.

2. கோடு போட்ட சிறு கொப்பியும் பென்சிலும். மழையில் பேனா மை கரையும், பென்சில் கரையாது.

3. போன். தொலைநோக்கியின் ஒரு கண்ணில் போன் கெமராவைப் பொருத்திப் படம் எடுக்கப் பழகுங்கள். வீட்டு வாசலில் நின்று தூரத்து மின்கம்பத்து மைனாவை வைத்து ஒரு வாரம் பழகினால் கை நிலைத்துவிடும். தண்ணீர்க் கரையில் முதன்முதலாக முயன்றால் கட்டாயம் தோற்பீர்கள்.

4. குடை, ஒரு பொலித்தீன் பை, தண்ணீர், நீளக் காலுறை, முழங்கால் வரை வரும் சப்பாத்து.

முதலில் வழக்கமான கூட்டத்தைப் படியுங்கள்

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். வேற்றுப் பறவையைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அங்கே தினமும் இருக்கும் பறவைகளை எண்ணப் போங்கள். பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் நூறு பேரில் புது ஆள் ஒருவர் நின்றால் கங்காணிக்கு உடனே தெரிந்துவிடுகிறது. காரணம், மற்றத் தொண்ணூற்றொன்பது முகமும் அவருக்குத் தெரியும்.

பழக வேண்டியவை இவை.

சீழ்க்கைச் சிறகி. நம் பகுதித் தாராக்களில் முதலில் பழக வேண்டியது. சிங்களத்தில் தம்ப சேருவா. நீளம் 40 சென்றிமீற்றர் அளவு, எடை அரைக் கிலோ. உடல் செம்பழுப்பு, தலை மங்கல். எழும்பிப் பறக்கும்போது இரண்டு கட்டையாகச் சீழ்க்கை அடிக்கும், பெயரே அதனால்தான். பகலில் தண்ணீரில் கூட்டமாகச் சும்மா கிடக்கும், இரவில் வயலுக்கு மேயப் போகும். மரக்கிளையிலும் உட்காரும். இதன் வால் மேற்பக்கத்தை நன்றாகப் பார்த்து வையுங்கள்: செம்பழுப்பு நிறம். பின்னால் இது தேவைப்படும்.

குள்ளத்தாரா. ஆங்கிலத்தில் இதைப் பஞ்சு நிறக் குட்டை வாத்து என்ற பொருளில் அழைக்கிறார்கள். அலகு வாத்தின் அலகு போலக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பதுதான் காரணம். உலகிலேயே மிகச் சிறிய தாராக்களில் ஒன்று, முக்குளிப்பானைவிடச் சற்றே பெரிது. ஆணுக்கு வெள்ளை முகம், வெள்ளைக் கழுத்து, மார்பில் கருப்புப் பட்டி, முதுகில் பச்சை மினுக்கம். பெண்ணுக்குக் கண் வழியாக ஒரு கருங்கோடு. இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் ஆணும் பெண் போலவே மங்கிவிடும். பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது ஆண். அல்லியும் தாமரையும் உள்ள தண்ணீரில் இலைகளுக்கு நடுவே தேடுங்கள். வெள்ளைப் பூ என்று நினைத்துக் கடந்துபோவது எல்லாருக்கும் நடக்கிறது.

நீலச்சிறகியும் ஊசிவால் தாராவும். இரண்டும் வடக்கேயிருந்து வருபவை. நவம்பரில் ஆண்கள் இன்னும் முழு நிறம் எடுத்திருக்காது. எல்லாம் பழுப்பாகத்தான் இருக்கும். நீலச்சிறகிக்கு முகத்தில் கருவெள்ளைக் கோடுகள் அழுத்தமாக இருக்கும். ஊசிவாலுக்கு மெல்லிய நீண்ட கழுத்து, கூரிய வால். மன்னார்ப் பக்கத்து வங்காலைச் சரணாலயத்தில் ஊசிவால்கள் பெருங்கூட்டமாகச் சேரும்; அங்கே உறவினர் இருந்தால் ஒரு முறை போய்க் கண்ணைப் பழக்கிவிட்டு வாருங்கள்.

இவை தவிர நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, கொக்கு, நத்தைகுத்தி நாரை. தோட்டத்துக் குளத்தில் இவற்றில் நாலைந்துதான் இருக்கும். அது போதும்.

குறிப்பு: அளவுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். சீழ்க்கைச் சிறகியை ஒன்று என்று வையுங்கள். குள்ளத்தாரா அதில் முக்கால். பட்டைத்தலை வாத்து ஏறக்குறைய இரண்டு. தனியாக நிற்கும் பறவையின் அளவைச் சொல்வது கடினம். பக்கத்தில் சிறகி ஒன்று வரும்வரை பொறுத்திருங்கள்.

கரையில் ஒரு காலை: படிப்படியாக

1. கரைக்கு 50 மீற்றர் முன்பே நின்றுவிடுங்கள். அங்கிருந்தே தொலைநோக்கியால் ஒரு முறை முழுத் தண்ணீரையும் பாருங்கள். விளிம்பில் ஒதுங்கியிருப்பவைதான் முதலில் பறந்தோடும். அவற்றை இப்போதே பார்த்தால்தான் உண்டு.

2. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடமாகப் பார்த்து, மரம் அல்லது புதர் ஓரமாக நில்லுங்கள். வெளிர் நிறச் சட்டை வேண்டாம். பேச்சும் வேண்டாம்.

3. பத்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். நீங்கள் வந்ததால் அசைந்த கூட்டம் மறுபடி அமைதியாகட்டும். இந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காதவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

4. இடமிருந்து வலமாக எண்ணத் தொடங்குங்கள். சிறு கூட்டமானால் ஒவ்வொன்றாக. பெரிய கூட்டமானால் முதலில் இருபதை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த இருபது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்கி, அதே அளவுத் துண்டுகளாக மிச்சத்தை எண்ணுங்கள். இனவாரியாகக் கொப்பியில் கோடு போடுங்கள்.

5. வலமிருந்து இடமாகத் திரும்ப வாருங்கள். இந்த முறை எண்ண வேண்டாம். தலைகளை மட்டும் பாருங்கள். தூங்குபவை அலகை இறகுக்குள் செருகியிருக்கும். அவற்றை விட்டு, தலை நீட்டியவற்றைப் பார்த்து முடித்தபின் தூங்கியவற்றுக்குத் திரும்புங்கள்.

6. ஏதோ ஒன்று உறுத்துகிறதா? பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். இந்த வரிசையில் கேளுங்கள்: சிறகியோடு ஒப்பிட்டால் அளவு என்ன? அலகின் நிறம், கால் நிறம்? தலையில் கோடோ பட்டையோ உண்டா? வால் மேற்பக்கம் என்ன நிறம்? மேய்கிறதா, நீந்துகிறதா, கரையில் நிற்கிறதா?

7. பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகே பறவைப் புத்தகத்தையோ போனையோ திறக்க வேண்டும். முதலில் படத்தைப் பார்த்தால், பார்க்காத அடையாளமெல்லாம் பார்த்ததாகத் தோன்றும்.

8. இப்போது படம் எடுங்கள். மங்கலானாலும் பரவாயில்லை. பக்கத்தில் வேறொரு பறவையும் சேர்ந்த படமாக இருந்தால் அளவு நிரூபணமாகும்.

9. கழுத்திலும் காலிலும் வளையம் உண்டா பாருங்கள். மங்கோலியாவில் கழுத்து வளையம் மாட்டப்பட்ட பட்டைத்தலை வாத்துகள் தென்னிந்தியாவில் காணப்பட்டிருக்கின்றன. வளையத்தின் நிறம், எழுத்து, எண் மூன்றையும் குறியுங்கள். பறவை எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

10. பறந்து போகும்வரை காத்திருங்கள். கல் எறிந்து எழுப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து களைத்த பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் உடம்பிலிருந்து போகிற இழப்பு.

எதிர்பார்க்கக்கூடிய வேற்றுப் பறவைகள்

பட்டைத்தலை வாத்து. 71 முதல் 76 சென்றிமீற்றர், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. வெளிர் சாம்பல் உடல். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கருப்புப் பட்டை, ஒன்றின் கீழ் ஒன்றாக. கழுத்தின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு மேலிருந்து கீழிறங்கும். அலகும் காலும் மஞ்சள் கலந்த செம்மஞ்சள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: அந்த ஆண்டு பொரித்த இளம் பறவைக்கு நவம்பரில் இரண்டு பட்டையும் இருக்காது. உச்சந்தலையிலிருந்து பின்கழுத்து வரை ஒரே கருஞ்சாம்பலாக இருக்கும். பட்டை இல்லை என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

சாம்பல் வாத்து. இன்னும் பெரிது, 75 முதல் 90 சென்றிமீற்றர். முழுவதும் பழுப்புச் சாம்பல், தடித்த அலகு, இளஞ்சிவப்புக் கால். பறக்கும்போது இறக்கையின் முன்பாதி வெள்ளிச் சாம்பலாகப் பளிச்சிடும். ஐரோப்பிய வீட்டு வாத்துகளுக்கு மூதாதை இதுதான் என்பதால் குழப்பமும் இதில்தான் அதிகம். அதைக் கீழே பார்ப்போம்.

பெரிய சீழ்க்கைச் சிறகி. வாத்து அல்ல, ஆனால் சிறகிக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கக்கூடியது. 50 சென்றிமீற்றர் அளவு. வால் மேற்பக்கம் பாலாடை வெள்ளை, விலாவில் வெள்ளை இறகுக் கீற்றுகள், பின்கழுத்தில் கருங்கோடு. சாதாரணச் சிறகியின் செம்பழுப்பு வால் மேற்பக்கத்தைப் பார்த்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

செம்மஞ்சள் தாரா. ஆற்றுமணலிலும் வெட்டவெளிக் கரையிலும் நிற்கும். உடல் முழுக்கச் செம்மஞ்சள், தலை வெளிர். பறக்கும்போது இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு, நுனி கருப்பு. ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது.

மூக்கன் தாரா. ஆணுக்கு அலகின் மேல் கருப்புப் புடைப்பு, வெள்ளைத் தலையில் கரும்புள்ளிகள். பெரிய உடல். அதனால் பலரும் இதை வாத்து என்றே எழுதிவிடுகிறார்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

வீட்டு வாத்து. தோட்டத்துக் குளத்தில் பெரிய வாத்து ஒன்று நின்றால், நூற்றுக்குத் தொண்ணூறு அது யாரோ வளர்ப்பதுதான். நான் கொப்பி எடுத்த முதல் ஆண்டில், கார்த்திகை மாதத்துக் காலை ஒன்றில், ரப்பர் மலைக்குக் கீழே ஒரு குளத்தில் சாம்பல் வாத்து கண்டதாக இரண்டு பக்கம் எழுதினேன். பால்வெட்டுக்குப் போய்த் திரும்பிய ஓர் அக்கா பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, அது நாட்டுப் பக்கத்து வீட்டு வாத்து. பொழுதுபட்டா தானா வீட்டுக்குப் போயிரும்" என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து கரையில் யாரைக் கண்டாலும் விசாரித்த பிறகுதான் எழுதுகிறேன். உங்களுக்கான சோதனை இது:

1. வயிறு தொங்கித் தரையைத் தொடுவது போல் இருந்தால் வீட்டு வாத்து. காட்டு வாத்தின் உடல் படகு போலக் கிடைமட்டமாக, பின்பக்கம் ஒடுங்கி இருக்கும்.

2. நிமிர்ந்து செங்குத்தாக நின்று நடந்தாலும், நெற்றியில் குமிழ் இருந்தாலும் வளர்ப்பு. உடலில் ஒழுங்கில்லாத வெள்ளைத் திட்டுகள் இருந்தாலும் அப்படியே.

3. முகத்தில் சிவப்புச் சதை தடித்திருந்தால் அது வீட்டில் வளர்க்கும் பெரிய தாரா இனம். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

4. ஆளைக் கண்டு கிட்ட வந்தால் வளர்ப்பு. காட்டு வாத்து 100 மீற்றருக்கு அப்பாலேயே கழுத்தை நீட்டி உங்களைக் கவனிக்கும்.

5. பறக்க வேண்டிய கட்டாயம் வந்தால் தெரிந்துவிடும். காட்டு வாத்து நீண்ட இறக்கையால் எழும்பி உயரம் பிடித்துப் போகும். வீட்டு வாத்து படபடத்துத் தண்ணீரின் மேலேயே இறங்கும்.

வானத்தில் வடிவம். மாலையில் அம்பு முனை வடிவில் ஒரு வரிசை பறந்தால் எல்லாருக்கும் வாத்து ஞாபகம்தான் வரும். நம் பகுதியில் அப்படிப் பறப்பவை பெரும்பாலும் அடையப் போகும் நீர்க்காகங்கள். கழுத்தையும் காலையும் பாருங்கள். கழுத்தை மடக்கிப் பறந்தால் கொக்கு. கழுத்தை நீட்டி, கால் வாலுக்கு வெளியே நெடுக நீண்டால் நத்தைகுத்தி நாரை அல்லது அரிவாள் மூக்கன். கழுத்தை நீட்டி, கருநிறமாக, நீண்ட வாலோடு, சில அடி அடித்துச் சற்று மிதந்து மறுபடி அடித்தால் நீர்க்காகம். மிதக்காமல் நிதானமாக விடாது அடித்து, கனத்த உடலோடு, மூக்கொலி போன்ற குரலும் எழுப்பினால் கொப்பியை எடுங்கள்.

ஊசிவாலின் கழுத்து. நீண்ட மெல்லிய கழுத்தைத் தூக்கி நிற்கும் ஊசிவாலைத் தூரத்தில் பார்த்தால் வாத்து போலத் தோன்றும். பக்கத்துச் சிறகியோடு ஒப்பிடுங்கள். வால் நுனியையும் பாருங்கள்.

எதிர் வெளிச்சம். சூரியனுக்கு எதிரே எல்லாம் கருப்பு, எல்லாம் பெரிது. அந்த நிலையில் பார்த்ததைப் பதியவே கூடாது. இடம் மாறி மறுபடி பாருங்கள். மாற முடியாவிட்டால் 'இனம் தெரியாத தாரா' என்று எழுதிவிடுங்கள். அப்படி எழுதுவது குறையல்ல.

பாதுகாப்பு

பறவை பார்க்கப் போய் உயிரை இழக்கும் அளவுக்கு நம் மாகாணத்தில் ஆபத்துகள் உண்டு. இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

மாணிக்கக் குழி. இரத்தினபுரி வயல்வெளிகளில் கைவிடப்பட்ட குழிகள் மழையில் நிரம்பி, மேலே செடி படர்ந்து, குட்டை போலத் தெரியும். அவற்றில் முக்குளிப்பானும் தாழைக்கோழியும் இருக்கும், ஆளை இழுக்கும். விளிம்பு மண் இடியும். உள்ளே பிடிமானம் இருக்காது. வரம்பை விட்டு இறங்காதீர்கள். முன்பின் தெரியாத வயலில் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

எலிக்காய்ச்சல். இரத்தினபுரியும் கேகாலையும் இந்த நோய் அதிகமுள்ள மாவட்டங்கள். சேற்றிலும் வயல் தண்ணீரிலும் எலியின் சிறுநீர் வழியாகப் பரவுகிறது. காலில் புண்ணோ கீறலோ இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். அடிக்கடி வயலுக்குள் போகப் போகிறீர்கள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் சொல்வார். போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பனடோல் போட்டுப் பொறுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் கால் வைத்ததை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இடியும் மண்சரிவும். வானம் இருண்டு முதல் இடி கேட்டதும் அணைக்கட்டிலிருந்தும் திறந்த கரையிலிருந்தும் இறங்கி வீட்டுக்கோ வாகனத்துக்கோ போய்விடுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மழைநாளில் புறப்படும் முன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்புலன்சுக்கு 1990. 2016 மே மாதத்து அரநாயக்க மண்சரிவில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்; எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்தப் பறவைக்காகவும் மலைச்சரிவில் நடக்க வேண்டாம்.

குளவியும் அட்டையும். தோட்டத்தில் நடப்பவர்களுக்குக் குளவியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மரக்கிளையையும் கற்பாறை முகட்டையும் பார்த்துவிட்டு நில்லுங்கள், வாசனைத் திரவியம் பூசாதீர்கள். அட்டைக்குக் காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்தாலே போதும்.

யானையும் முதலையும். உடவளவை அணைக்கட்டில் மின்வேலிக்கு அப்பால் யானை நிற்கும். உணவு கொடுக்காதீர்கள், வேலியருகே போகாதீர்கள், பொழுது சாயுமுன் கிளம்புங்கள். அங்கே தண்ணீரில் முதலை உண்டு. விளிம்பில் குந்திப் படமெடுக்க வேண்டாம்.

இறந்த பறவை. கரையில் தாராவோ வாத்தோ செத்துக் கிடந்தால், வளையம் இருந்தால்கூடத் தொடாதீர்கள். தூரத்திலிருந்து படம் எடுத்து, பல பறவைகள் ஒன்றாகச் செத்திருந்தால் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

தோட்டத்துக் குளத்துக்குப் போகும் முன் மேனேஜரிடமோ, அந்த டிவிசன் உத்தியோகத்தரிடமோ அனுமதி கேளுங்கள். கழுத்தில் தொலைநோக்கியோடு விடியற்காலையில் நிற்கும் அந்நியனை வாச்சர் சந்தேகிப்பது நியாயம்தான்.

கண்டுவிட்டால் யாரிடம் சொல்வது

உண்மையிலேயே ஒரு காட்டு வாத்தைக் கண்டுவிட்டால் கை பதறும், ஊருக்கே சொல்லத் தோன்றும். பொறுங்கள். இடத்தின் பெயரோடு முகநூலில் போட்டால் துப்பாக்கியோடும் ஆள் வரக்கூடும். காட்டுப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1937இலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து சேரும் முன் வெடி வெடித்துவிடும்.

1. கொப்பிக் குறிப்பை அன்றைக்கே தெளிவாகத் திரும்ப எழுதுங்கள். நாளை எழுதினால் நினைவு அழகுபடுத்திவிடும்.

2. 1943 முதல் இயங்கும் இலங்கைப் பறவைக் கழகத்துக்கோ, கொழும்புப் பல்கலைக்கழகத்திலுள்ள இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கோ படத்தையும் குறிப்பையும் அனுப்புங்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை இலங்கையில் நடத்துவது பறவைக் கழகம்தான். உங்கள் குளத்தையும் அதில் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

3. ஈபேர்ட் செயலியிலும் பதியுங்கள். அரிய பறவை என்று அது கேள்வி கேட்கும். படத்தையும் கொப்பியில் எழுதிய அடையாளங்களையும் அப்படியே போடுங்கள்.

4. மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள். முடிந்தால் இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். இரண்டாவது ஆளின் கண் உங்கள் பதிவுக்குப் பலம்.

கொப்பிப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

கார்த்திகை, சனிக்கிழமை. தோட்டத்துக் குளம், கிழக்குக் கரை. காலை 6.10 முதல் 7.45 வரை. வெளித்த வானம், காற்றில்லை. சூரியன் முதுகுப் பக்கம்.
சீழ்க்கைச் சிறகி 34. குள்ளத்தாரா 2 (ஆண் 1, இறக்கையில் வெள்ளைப் பட்டை பார்த்தேன்). முக்குளிப்பான் 5. சிறிய நீர்க்காகம் 11. மடையான் 3.
இனம் தெரியாத தாரா 1: சிறகியைவிடச் சற்றுப் பெரிது, தூங்கியது, அலகு தெரியவில்லை. வால் மேற்பக்கம் தெரியவில்லை. 7.40க்குச் சிறகிகளோடு சேர்ந்து எழும்பி வயல் பக்கம் போனது.
நாளைக்கு மறுபடி.